நனவும் ஒரு கனவோ?

கனவைக் கனவு என்று நாம் எப்போது அறிகிறோம்? விழித்த பின்னரே அறிகிறோம். காணும் பொழுதில் அது கனவாகத் தோன்றுவதில்லை. தேர்வு மண்டபத்தில் அமர்ந்திருக்கிறோம், வினாத்தாளில் ஓர் எழுத்தும் விளங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது, உடல் வியர்க்கிறது. திடுக்கிட்டு விழிக்கிறோம். மண்டபமும் இல்லை, வினாத்தாளும் இல்லை. ஆயினும் நெஞ்சின் துடிப்பு மட்டும் அடங்கச் சிறிது நேரம் ஆகிறது. கண்டது பொய், அதனால் விளைந்த துடிப்போ மெய்.

இந்த இடத்தில்தான் அறிவுடையோர் உள்ளத்தில் ஓர் ஐயம் புகுகிறது. கனவு காணும்போது அதனை நனவு என்றே உறுதியாக நம்பினோம். இப்பொழுது விழித்திருக்கிறோம் என்பதையும் அதே உறுதியோடுதான் நம்புகிறோம். முன்னைய உறுதி பொய்யாயிற்று என்றால், பின்னைய உறுதிக்குப் பிணை யாது? இந்த நனவும் ஏன் ஒரு நீண்ட கனவாக இருத்தல் கூடாது?

என்னிடம் ஒரு மாணவர் இவ்வினாவைக் கேட்டபோது உடனிருந்தவர்கள் நகைத்தார்கள். எனக்கு நகைப்பு வரவில்லை. கிரேக்க நாட்டில் பிளேட்டோ தம் உரையாடல் ஒன்றில் இதே வினாவைச் சாக்ரட்டீசின் வாயில் வைத்திருக்கிறார். சீன நாட்டு அறிஞர் சுவாங் சு, தாம் வண்ணத்துப் பூச்சியாகப் பறந்ததாகக் கனவு கண்டு விழித்து, மனிதன் பூச்சியாகக் கனவு கண்டானா, பூச்சி மனிதனாகக் கனவு காண்கிறதா என்று திகைத்து நின்றார். நம் பாரதியாரும் உலகத்தை நோக்கி வினவும் ஒரு பாடலில் நிற்பனவற்றையும் நடப்பனவற்றையும் பார்த்து இதனையே கேட்கிறார். 1999-ல் வெளிவந்த 'தி மேட்ரிக்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் கண்ட இளைஞர்கள், இது கணிப்பொறிக் காலத்தின் புதுமை என்று எண்ணினார்கள். பொறிதான் புதிது, வினா மிகப் பழையது.

இவ்வினாவை நம் நாட்டில் முறையாக எடுத்து வாதிட்டவர்களுள் தலையாயவர் கௌடபாதர். சங்கரருடைய ஆசிரியருக்கு ஆசிரியர் இவர் என்பது மரபு. மாண்டூக்கிய உபநிடதம் மிகச் சிறியது. பன்னிரண்டே வாக்கியங்கள் கொண்டது. அதனை ஒட்டி இவர் இயற்றிய காரிகையோ நான்கு பகுதிகளாக விரிந்தது. அதன் இரண்டாம் பகுதியில் கனவும் நனவும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட இருவரைப் போல் விசாரிக்கப்படுகின்றன.

அவர் வாதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். கனவில் மலையைக் காண்கிறோம், யானையைக் காண்கிறோம். அவை இருப்பது நம் உடலுக்குள்ளே. அச்சிறிய இடத்தில் மலை அடங்குமா? அடங்காது. ஆதலின் அவை பொய். கனவில் காசிக்குச் செல்கிறோம். அங்குச் சென்று மீளும் அளவுக்குக் காலம் கழிந்ததா? இல்லை. விழிக்கும்போது காசியில் விழிக்கிறோமா? படுத்த பாயில்தான் விழிக்கிறோம். ஆதலின் அப்பயணமும் பொய்.

இதுவரை எவரும் மறுக்கமாட்டார். அடுத்த அடியில்தான் அவர் நம்மைப் பிடித்துக்கொள்கிறார். "கனவுப் பொருள் பயன்படாது, நனவுப் பொருள் பயன்படும், ஆகவே நனவு மெய்" என்று நாம் சொல்வோம். கனவில் உண்ட சோறு பசியை ஆற்றுமா என்று கேட்போம். அதற்கு அங்கே விடை ஆயத்தமாக இருக்கிறது. வயிறார உண்டு படுத்தவன் கனவில் பசியால் வாடுகிறானே! நனவில் உண்ட சோறு கனவில் பயன்படவில்லையே! கனவுச் சோறு நனவில் உதவாததால் பொய் என்றால், நனவுச் சோறு கனவில் உதவாததால் அதுவும் பொய்யாக வேண்டும் அன்றோ? தொடக்கத்திலும் இல்லாமல் முடிவிலும் இல்லாமல் போவது இடையிலும் இல்லாததே என்பது அவருடைய துணிபு.

நான்காம் பகுதியில் அவர் காட்டும் உவமை நமக்கு மிகவும் பழக்கமானது. கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வட்டம் தோன்றுகிறது. திருக்கார்த்திகை இரவில் நம் சிற்றூர்ச் சிறுவர் மாவலி சுற்றுவதைக் கண்டவர்கள் இதனை அறிவார்கள். அங்கே உண்மையில் இருப்பது பொறி, வட்டம் இல்லை. சுற்றுவதை நிறுத்தினால் வட்டம் எங்கும் போய் ஒளிந்துகொள்வதில்லை. அது வந்ததும் இல்லை, போனதும் இல்லை. உலகம் அத்தகைய வட்டம் என்கிறார் கௌடபாதர். நொடிக்கு இருபத்து நான்கு அசையாப் படங்களை ஓட்டி அசைவைக் காட்டும் திரைப்படமும் இந்த மாவலியின் தம்பிதான்.

காலத்தைப் பற்றிய அவர் வாதத்தைச் சற்று நிறுத்தி ஆராயலாம். கனவுக்குள் நெடுங்காலம் கண நேரத்தில் ஓடிவிடுகிறது என்ற நம்பிக்கை மேல்நாட்டிலும் இருந்தது. ஆல்பிரட் மோரி என்ற பிரெஞ்சு அறிஞர் 1861-ல் வெளியிட்ட நூலில் தம் கனவு ஒன்றைக் கூறுகிறார். புரட்சிக் காலத்தில் அவரைப் பிடித்து விசாரித்துத் தண்டனை விதித்து, வண்டியில் ஏற்றிச் சென்று, கொலைக்கருவியின் கீழ்க் கிடத்துகிறார்கள். கத்தி கழுத்தில் விழுகிறது. விழித்துப் பார்த்தால் கட்டிலின் ஒரு பகுதி கழன்று கழுத்தின்மேல் விழுந்திருக்கிறது! அது விழுந்த கணத்துக்குள் கதை முழுதும் நிகழ்ந்துவிட்டதாக அவர் கருதினார். நெடுநாள் உலகமும் அவ்வாறே கருதியது.

1953-ல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நதானியேல் கிளைட்மன் என்னும் இருவரும் ஒன்றைக் கண்டறிந்தார்கள். உறங்குபவரின் மூடிய இமைகளுக்குள் கண்கள் சில வேளைகளில் விரைந்து அசைகின்றன. அவ்வேளையில் எழுப்பினால் அவர் பெரும்பாலும் கனவைச் சொல்கிறார். ஏறத்தாழத் தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒரு முறை இந்நிலை வருகிறது. ஓர் இரவில் நான்கைந்து முறை நிகழ்கிறது. 1957-ல் கிளைட்மனும் வில்லியம் டிமென்ட்டும், இந்நிலையில் உள்ளவர்களை ஐந்து நிமிடத்திலோ பதினைந்து நிமிடத்திலோ எழுப்பி, எவ்வளவு நேரம் கனவு கண்டீர்கள் என்று வினவினார்கள். பெரும்பாலோர் சரியாகவே சொன்னார்கள். ஆகவே கனவின் காலம் நனவின் காலத்தோடு பெரிதும் ஒத்தே நடக்கிறது எனலாம். மோரியின் கனவு அக்கணத்தில் நெய்யப்பட்டதா, விழித்தபின் கோக்கப்பட்டதா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் காலக்குறைவை மட்டும் கொண்டு கனவைப் பொய் என்று தீர்ப்பது இப்போது எளிதன்று. வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலைத் தந்தவர் யார் என்று எண்ணுகிறீர்கள்? உலகம் பொய் என்று சொன்னவர் என நாம் எல்லோரும் கருதுகிற சங்கரரேதான்.

சங்கரரைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. வரலாறு அன்று, எதிர்வாதம் செய்தோர் கட்டிய கதை. அரசன் ஒருவன் அவர்மேல் மத யானையை ஏவினானாம். அவர் ஓடினாராம். "உலகம் பொய் என்றீரே, யானையும் பொய்தானே, ஏன் ஓடினீர்?" என்று அரசன் கேட்டானாம். "யானையும் பொய், நான் ஓடியதும் பொய்" என்றாராம் அவர். ஆங்கில நாட்டில் 1763-ல் ஜான்சன் என்ற புலவர், பொருள்கள் எல்லாம் மனத்தின் தோற்றமே என்ற பார்க்கிலியின் கொள்கையை மறுக்க ஒரு பெருங்கல்லைக் காலால் உதைத்துக் காட்டினார். நல்ல நகைச்சுவைதான், ஆனால் நல்ல வாதம் அன்று. கனவில் உதைத்தாலும் கால் வலிக்கத்தான் செய்கிறது.

சங்கரர் பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையில், பௌத்தருள் ஒரு சாராராகிய விஞ்ஞானவாதிகளை எதிர்த்து வாதிடும் இடம் ஒன்று உண்டு. வெளிப்பொருள் என்று ஒன்றும் இல்லை. அறிவே பொருளாகத் தோன்றுகிறது. கனவே இதற்குச் சான்று என்பது அவர்கள் கொள்கை. இதனை மறுக்கும் சங்கரர், நனவு கனவைப் போன்றது அன்று என்று தெளிவாகக் கூறுகிறார். அவர் தரும் காரணங்கள் இரண்டு.

கனவில் கண்டது விழித்ததும் மறுக்கப்படுகிறது. பெருங்கூட்டத்தைச் சந்தித்ததாகக் கனவு கண்டவன் எழுந்தவுடன், "கூட்டமும் இல்லை, சந்திப்பும் இல்லை, உறக்கத்தால் என் மனம் மயங்கியது" என்று தானே தள்ளிவிடுகிறான். விழித்திருக்கும்போது கண்ட தூணை இவ்வாறு எந்த நிலையிலும் ஒருவன் தள்ளுவதில்லை. இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் என் உள்ளத்தை மிகவும் தொட்டது. கனவு நினைவின் வகையைச் சேர்ந்தது; நனவோ நேரே காண்பது. நினைத்தலுக்கும் காண்டலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொருவரும் தாமே உணர்வர். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு யாது தெரியுமா? அன்பு மகனைப் பிரிந்த ஒருவன் தன் மகனை நினைக்கிறான், ஆனால் காணவில்லை, காண ஏங்குகிறான். வறண்ட தருக்கத்தின் நடுவில், இளமையிலேயே துறவு பூண்டவர் என்று போற்றப்படும் ஒருவர், பிள்ளையைப் பிரிந்த நெஞ்சைச் சான்றாக அழைக்கிறார்.

இதனைப் படித்தபோது என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். அவருடைய ஒரே மகன் இருபத்திரண்டு வயதில் காய்ச்சலால் இறந்துபோனான். துக்கம் கேட்க வந்த உறவினருள் கற்றறிந்த பெரியவர் ஒருவர், "எல்லாம் மாயை அம்மா, வாழ்வே ஒரு கனவு, கனவில் வந்தவன் கனவில் போனான்" என்று ஆறுதல் கூறினார். பெரியம்மா அவருக்கு விடை ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனபின் என் பக்கம் திரும்பி, "தம்பி, இது கனவுதான் என்றால் என்னை எழுப்பிவிடப்பா" என்றார். நான் என்ன சொல்வேன்? அதன்பின் பல ஆண்டுகள் அவர் மகனைக் கனவில் கண்டு வந்தார். விடியற்காலையில் எங்களிடம் அதனைச் சொல்வார். ஒரு நாளேனும், அவன் இறந்தது கனவு, வந்தது நனவு என்று அவர் மாற்றிச் சொன்னதில்லை. மாற்றிச் சொல்லும் ஆசை அவருக்கு இல்லாமலா இருந்திருக்கும்? எழுத்தறியாத அந்த மூதாட்டிக்கு நினைத்தலும் காண்டலும் வேறு வேறு என்பது தெரிந்திருந்தது.

சங்கரர் உலகத்தை முற்றிலும் மெய் என்று ஒப்புக்கொண்டார் என நான் சொல்லவில்லை. பிரம ஞானம் பிறந்தபின் இந்த நனவும் தள்ளப்படும் என்பதே அவர் முடிபு. ஆனால் அந்த ஞானம் பிறக்கும் வரை உலக வழக்கு முழுவதும் மெய்யாகவே நிற்கும் என்றும் அவர் சொல்கிறார். இந்தப் பிற்பகுதியை மறந்துவிட்டு முற்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோர் பலர். கூலி கேட்டு நிற்கும் ஏழையிடம் "எல்லாம் மாயை" என்று பேசுபவர், கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் அது மாயை என்று விட்டுவிடுவதை நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டில் இக்கொள்கையை எதிர்த்தவர்களும் உண்டு. திருப்பெரும்பூதூரில் தோன்றிய இராமானுசர் கனவையே மெய் என்றார்! கனவுப் பொருள்களையும் இறைவனே படைக்கிறான். அவரவர் வினைக்கு ஏற்ப, அவரவர் மட்டும், அந்த வேளைக்கு மட்டும் துய்க்கும்படி படைக்கிறான் என்பது அவர் கொள்கை. கனவைக் கொண்டு நனவைத் தாழ்த்துவதற்கு மாறாக, நனவைக் கொண்டு கனவை உயர்த்திவிட்டார். சைவ சித்தாந்திகளோ 'மாயை' என்ற சொல்லின் பொருளையே மாற்றினார்கள். அவர்களுக்கு மாயை பொய்த்தோற்றம் அன்று. உலகம் தோன்றுவதற்கு மூலமான உள்பொருள். இருளில் கிடக்கும் உயிருக்கு விடியும் வரை உதவும் விளக்கு. ஒரே சொல் ஒருவர்க்குத் திரையாகவும் மற்றொருவர்க்கு விளக்காகவும் இருப்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இல்லையேல் நூல்களைப் படிக்கும்போது பெருங்குழப்பம் விளையும்.

இனி விஞ்ஞானத்தைப் பார்ப்போம். கௌடபாதர் பக்கத்துக்கு அது ஓரளவு துணை செய்கிறது. நனவில் நாம் காணும் காட்சியும் மூளை கட்டிய காட்சியே. இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தாளில் ஆறு ஏழு சென்டிமீட்டர் இடைவெளியில் இடப்பக்கம் ஒரு சிலுவைக் குறியும் வலப்பக்கம் ஒரு புள்ளியும் இடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் சிலுவைக் குறியையே உற்று நோக்கியவாறு தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. புள்ளியின் சாயை அங்கே விழுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு மரியாட் இதனைக் கண்டறிந்தார். புள்ளி மறைவது வியப்பன்று. அந்த இடத்தில் ஓட்டை ஒன்றும் தெரியாமல் வெறும் தாளே தெரிகிறதே, அதுதான் வியப்பு. இல்லாத தாளை அங்கே வரைந்தது மூளை. இத்தகைய திரை நாள் முழுதும் நம் பார்வையில் இருக்கிறது, நாம் அறிவதில்லை.

கனவிலும் இதே மூளைதான் வரைகிறது. கண்கள் விரைந்து அசையும் உறக்கத்தில் காட்சியோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. ஆராய்ந்து ஐயுறுவதற்கு உதவும் முன்மூளைப் பகுதி ஓய்ந்திருக்கிறது. 1990-களில் செய்த மூளைப்படச் சோதனைகள் இதனைக் காட்டின. இறந்தவர் வந்து பேசினாலும், வீட்டுக் கதவைத் திறந்ததும் கடல் தெரிந்தாலும் கனவில் நாம் வியப்பதில்லையே, ஏன் என்பதற்கு இஃது ஒரு விடை. கனவு நம்மை ஏமாற்றுகிறது என்பதைவிட, ஏமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் காவலன் தூங்கிவிடுகிறான் என்பதே பொருத்தம்.

அந்தக் காவலன் எப்போதாவது கனவுக்குள்ளேயே விழித்துக்கொள்வதும் உண்டு. "இது கனவு" என்று அறிந்தே சிலர் கனவு காண்கிறார்கள். 1975-ல் ஆங்கில நாட்டில் கீத் ஹெர்ன் என்பவர், அத்தகைய ஒருவர் முன்னரே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துக் கனவுக்குள்ளிருந்து குறிப்பு அனுப்பியதைக் கருவியில் பதிவு செய்தார். 2021-ல் வெளியான ஆராய்ச்சியில் உறங்குபவரிடம் எளிய கழித்தல் கணக்கைக் கேட்டார்கள். சிலர் கனவிலிருந்தே சரியான விடையைக் கண்ணசைவால் தந்தார்கள். கனவுக்கும் நனவுக்கும் இடையில் உள்ள சுவரில் ஒரு சிறு சாளரம் திறந்திருக்கிறது!

அவ்வாறாயின் நாம் இப்போது விழித்திருக்கிறோம் என்பதற்குச் சான்று யாது? பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1641-ல் வெளியிட்ட தம் நூலின் தொடக்கத்தில், குளிர்கால ஆடை அணிந்து, கையில் தாளுடன், நெருப்பருகே அமர்ந்திருக்கும் தாம் இதனையும் கனவாகக் காணலாமே என்று ஐயுறுகிறார். நூலின் முடிவில் ஒரு விடை தருகிறார். நனவு நிகழ்ச்சிகள் வாழ்வின் மற்ற நிகழ்ச்சிகளோடு நினைவுச் சங்கிலியால் கோக்கப்படுகின்றன. கனவுகள் அவ்வாறு கோக்கப்படுவதில்லை என்கிறார். ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் விடவில்லை. அவ்வாறு கோக்கப்படுவதாகவும் கனவு காணலாமே என்றார்! கனவு காண்பவன் கோத்துவிட்டதாக எண்ணிக்கொள்வான்; உண்மையில் கோக்க முடியாது; விழித்ததும் பிழையை உணர்வான் என்பது டேக்கார்ட்டின் மறுமொழி. சுற்றிச் சுற்றி இதுவும் சங்கரரின் திண்ணைக்கே வந்து சேர்வதைக் காண்கிறீர்கள்: பின்னால் தள்ளப்படுவது கனவு.

ஐயத்தை அடியோடு அழிக்கும் சான்று என்னிடமும் இல்லை. இருப்பினும் ஒன்றை மட்டும் பெரிதாக மதிக்கிறேன். என் கனவில் பத்துப் பேர் இருந்தாலும் அது என் ஒருவனுடைய கனவே. அப்பத்துப் பேரும் விழித்து என்னோடு அதைப் பற்றிப் பேச இயலாது. விழித்திருப்போர்க்குப் பொதுவான உலகம் ஒன்று. உறங்குவோர் தத்தம் தனியுலகத்துக்குள் திரும்பிவிடுகின்றனர் என்று பழங்கிரேக்க அறிஞர் ஹெராக்ளிட்டசு கூறியது இதனால்தான். நனவில் நான் கணக்கைத் தவறாகப் போட்டால் பக்கத்தில் இருப்பவர் திருத்துகிறார். இருளில் கயிற்றைப் பாம்பு என்று நான் அலறினால் ஒருவர் விளக்கெடுத்து வருகிறார். கனவில் எனக்கு விளக்கெடுத்து வருபவரும் நானே கற்பித்தவர். அவர் கையிலுள்ள விளக்கும் என் அறியாமையில் ஏற்றியதே. பசித்தவன் ஒருவன் நம் வாயிலில் வந்து நிற்கும்போது, அவன் நம் கற்பனை அல்லன் என்பதை அவன் பசி நம் விருப்பத்துக்கு அடங்காமையே காட்டுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டால் என் காட்சி மறையும். அவன் பசி மறையாது.

திருக்குறளில் 'கனவுநிலை உரைத்தல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அது 122-ஆம் அதிகாரம். தலைவனைப் பிரிந்த தலைவி பேசும் பத்துக் குறட்பாக்கள். தத்துவம் பயில விரும்பும் மாணவர்கள் அதனையும் ஒரு முறை படிக்க வேண்டும். நனவு என்ற ஒன்று இல்லாவிட்டால் கனவில் வந்த காதலர் பிரியவே மாட்டாரே என்று அவள் ஓரிடத்தில் வருந்துகிறாள். கனவு பொய் என்று அவள் எந்தக் குறளிலும் கூறவில்லை. நனவும் கனவே என்று தன்னைத் தேற்றிக்கொள்ளவும் இல்லை. கடைசிக் குறளில் ஊராரைப் பற்றிப் பேசுகிறாள். அவர் நம்மைப் பிரிந்துவிட்டார் என்று பழிக்கிறார்களே, கனவில் அவர் வருவதை இவ்வூரார் காண்பதில்லையோ என்று கேட்கிறாள்.